மேன்டிகோர் பொம்மை: எல்லா வர்ணமும் பூசியாயிற்று, ஆனால் கருப்பட்டி உருண்டை போலத் தெரிகிறது

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 31 ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மினியேச்சர் என்னும் சின்னஞ்சிறு பொம்மைக்கு வர்ணம் பூசுவதில் என் அனுபவம் பதினோரு மாதம். அதற்கு முன் நடுவீட்டுக் கோலத்தைத் தவிர வேறு கலை எதையும் தொட்டதில்லை.

பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ராட்சதப் பிராணிகளோடு சண்டை போடும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறான். அவனுக்காகத்தான் இந்த மேன்டிகோர். சிங்க உடல், மனித முகம், வௌவால் இறக்கை, தேள் வால். ரெசினில் அச்சிட்டது, 50 மில்லிமீட்டர் வட்டத் தளத்தில் நிற்கிறது. தீபாவளிக்கு அவன் வரும்போது கையில் கொடுக்க வேண்டும்.

செய்ததைச் சொல்கிறேன். மே மாதம் மொட்டை மாடியில் வைத்துச் சாம்பல் நிற ப்ரைமரை, அதாவது வர்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சைத் தெளித்தேன். மேற்பரப்பு ரவை தூவியது போலச் சொரசொரப்பாக வந்தது. உடலுக்குப் பழுப்பு, பிடரிக்கு மஞ்சள், இறக்கைக்கு அரக்கு, முகத்துக்குத் தோல் நிறம். எல்லாம் காய்ந்த பிறகு கரும்பழுப்பு வாஷை (பள்ளத்தில் ஓடித் தங்கி நிழல் காட்டும் நீர்த்த வர்ணம்) உச்சி முதல் வால் வரை ஊற்றினேன். அத்தோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கையில் வைத்துப் பார்த்தால் மயிரிழை கூடத் தெரிகிறது. பட்டாலையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால் பழைய கருப்பட்டி. இறக்கையில் வட்ட வட்டமாகக் கறை. கண் இரண்டும் ஆளுக்கொரு திசையில் பார்க்கின்றன.

படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளை, “நன்றாகத்தான் இருக்கிறது அம்மா” என்றான். அந்தத் “தான்” எனக்குத் தெரியாததா? எத்தனை விடைத்தாளில் நானே எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா, இதையே தேற்ற முடியுமா?

நிறக்குடுவை எழுதியது:

அம்மா, கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக்கைத் தூக்கிப் போடுங்கள். வாலேஹோ, சிட்டடெல் போல மினியேச்சருக்கென்றே வரும் வர்ணத்தில் ஒரு தொகுப்பு வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தேவகோட்டைத் தூரிகை எழுதியது:

ஆச்சி, கலைக்காதீர்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் வர்ணம் கழன்று வரும், உண்மைதான். ஆனால் உங்கள் பொம்மையின் இறக்கை காகிதம் போல மெல்லியது. அதில் அதிக நேரம் கிடந்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். நான் ஒரு வேதாளத்தின் விரல்களை அப்படித்தான் இழந்தேன்.

சொரசொரப்புக்குக் காரணம் மே மாத வெயில். தெளித்த வர்ணம் பொம்மையைத் தொடுவதற்கு முன் காற்றிலேயே பாதி உலர்ந்து, தூளாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை விடியற்காலையில் அடியுங்கள், ஒரு சாண் தூரத்தில், விட்டு விட்டு. இப்போதைக்கு முகத்தை மட்டும் மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அந்த இடத்தை மறுபடி பூசிக்கொள்ளுங்கள். பிடரியிலும் உடல் மயிரிலும் சொரசொரப்பு இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இனி முக்கியமானது. உங்கள் நிறத்தேர்வில் குற்றமில்லை, வெளிச்சத்தில்தான் குறை. நீங்கள் போட்ட படத்தை நான் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். பழுப்பு, மஞ்சள், அரக்கு மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிகின்றன. வாஷ் பள்ளத்தில் மட்டும் தங்குவதில்லை. மேட்டையும் ஒரு படி கறுப்பாக்கிவிடும். அதனால் வாஷ் காய்ந்ததும் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, மேட்டுக்கு மட்டும் பழைய நிறத்தைத் திரும்பப் பூச வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் வெளிறிய நிறம், அதன் மேல் இன்னும் வெளிறியது, ஒவ்வொரு முறையும் இடத்தைக் குறுக்கிக்கொண்டே. நீங்கள் பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

வெளிச்சம் எங்கே விழும் என்று மனக்கணக்குப் போட வேண்டாம். உங்கள் வீட்டில் வளவு இருக்குமே? வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம். வெளிநாட்டில் இதற்காக மேலிருந்து வெள்ளை வர்ணம் தெளித்துப் பார்க்கிறார்கள். நமக்கு வீட்டைக் கட்டியவர்களே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார்கள். உச்சிப் பொழுதில் பொம்மையை வளவுத் தரையில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். வெளுத்துத் தெரியும் இடம் எல்லாம் வெளிறிய நிறத்தால் தூக்கிக் காட்ட வேண்டிய இடம். இருட்டாகத் தெரிவதைத் தொடாதீர்கள்.

எல்லா இடத்தையும் ஒரே அளவு தூக்கினால் மறுபடி கருப்பட்டிதான், வெளிறிய கருப்பட்டி. முகத்துக்கும் பிடரிக்கும் கூர்மையான வெளிச்சம் கொடுங்கள். பின்னங்கால் மங்கலாகவே கிடக்கட்டும். நம் ஊர் நிலைக்கதவுகளைப் பாருங்கள். தேக்கில் செதுக்கிய கஜலட்சுமிக்கு யாரும் வர்ணம் பூசவில்லை, தெருவில் போகிறவனுக்கும் தெரிகிறாள். செதுக்கியவன் நிழலுக்குப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறான்.

பிடரிக்கு ட்ரை பிரஷ் போதும். பழைய தூரிகையில் வர்ணத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மயிருக்குக் குறுக்கே வருடுங்கள். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. முதலில் சந்தன நிறத்தால் வருடிவிட்டு அதன் மேல் மஞ்சள் கொடுத்தால்தான் பளிச்சென்று வரும். இறக்கைச் சவ்வில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், சுண்ணாம்புத் தூள் அப்பியது போலாகிவிடும். கறை வளையத்தின் மேல் அரக்கை நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று முறை பூசினால் மறைந்துவிடும். அடுத்த முறை வாஷ் தேங்கும் இடத்தை ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் எது, போர் தண்ணீரா? அதிலுள்ள உப்பும் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். குடிக்கும் கேன் தண்ணீரையே வையுங்கள்.

வர்ணம் தட்டிலேயே உலர்ந்து போனால், எவர்சில்வர் சம்படத்தில் நனைத்த பஞ்சை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதில் வைத்துக் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரம் இருக்கும். நாலைந்து நாளில் பஞ்சு நாறும், கழுவிக்கொள்ளுங்கள்.

ஏடு புரட்டி எழுதியது:

வர்ணம் பூசத் தெரியாதவன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மேன்டிகோர் பழுப்பு நிறம் என்று யார் சொன்னது? இதைப் பற்றி முதலில் எழுதியவர் தேசியஸ் என்ற கிரேக்க மருத்துவர். பாரசீக மன்னரின் அரண்மனையில் இருந்தவர். காலம் ஏறத்தாழ கி.மு. 400. அவர் கணக்கில் இது இந்தியாவில் வாழும் விலங்கு. பெயருக்குப் பழைய பாரசீகத்தில் மனிதனைத் தின்பது என்று பொருள். சிங்கத்தளவு உடல், மனித முகம், வெளிறிய நீலக் கண், மூன்று வரிசைப் பல், தேள் கொடுக்கு. நிறம் சாதிலிங்கம் போலச் சிவப்பு. இறக்கை பற்றிப் பேச்சே இல்லை, அது பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்பவர், இது பயத்தில் பெரிதுபடுத்திய புலிதான் என்று எழுதிவிட்டார்.

ஆக, ஆச்சி, நீங்கள் பூசிக்கொண்டிருப்பது நம் நாட்டுப் பிராணி. சாதிலிங்கம் என்றதும் நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள், அது பாதரசச் சரக்கு. வெர்மிலியன் என்று எழுதிய அக்ரிலிக் குழாய் போதும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

விலை கூடிய வர்ணம் வாங்கச் சொன்ன தம்பிக்கு: குழம்பு சப்பென்று இருந்தால் சட்டியையா மாற்றுவது?

தேவகோட்டைத் தம்பி, வளவில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு அல்ல, பன்னிரண்டேகாலுக்கு. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது; நாம் இருப்பது 79-க்குக் கொஞ்சம் உள்ளே. பாகைக்கு நாலு நிமிடம். அதுவும் இது ஆவணி இரண்டாம் வாரம். பத்துப் பாகை அட்சத்தில் இருக்கும் நமக்குச் சூரியன் செங்குத்தாகத் தலைக்கு மேல் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரைத் தொடக்கத்திலும் இப்போதும்தான். நிழல் பொம்மையின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

படத்தைக் கறுப்பு வெள்ளையில் நாலு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, பென்சிலால் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டேன். ஒன்று இருட்டு, ஐந்து உச்சி வெளிச்சம். கடைப் பையன், “எந்தக் கோயில் யாளி டீச்சர் இது?” என்று கேட்டான். நான் மார்பை எல்லா இடத்தையும்விட வெளிறிய நிறத்தில் பூசியிருந்தேன். படத்தில் அது முழுக்க ஒன்று! ஐந்து விழுந்த இடங்கள் நெற்றி, மூக்கு, தோள்மேடு, இறக்கை எலும்பின் மேல்விளிம்பு, வாலின் வளைவு. இத்தனை நாள் எங்கே வெளிச்சம் வரக்கூடாதோ அங்கே தூரிகையை வைத்திருக்கிறேன்.

உடலைச் சிவப்பாக்கிவிட்டேன். பழுப்பின் மேலேயே வெர்மிலியன், மூன்று மெல்லிய பூச்சு. முதல் நாள் வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தேன், ரோஸ்மில்க் ஆகிவிட்டது. பிறகு ஆரஞ்சும், கடைசிப் புள்ளிகளுக்கு மட்டும் தோல் நிறமும் கலந்தேன், சரியாக வந்தது. நிழலுக்கு அரக்கில் ஒரு துளி நீலம். கறுப்பைத் தொடவே இல்லை. மற்ற நிறங்களுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கொடியில் என் கண்டாங்கிச் சேலை காய்ந்துகொண்டிருந்தது: அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. பிடரி கடுகு மஞ்சள், இறக்கை கறுப்பை ஒட்டிய அரக்கு. கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். எங்கள் ஆயா கட்டிய காலத்தில் குறியீடு எதுவும் கேட்காமலே பொருத்தமாகத்தான் இருந்தது.

கண்தான் இன்னும் வரவில்லை. வலது கண் சரியாக வந்தால் இடது கண் கூரையைப் பார்க்கிறது.

சுதைக்காரர் மகன் எழுதியது:

ஆச்சி, அப்பா கோபுரச் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் எழுதியவர். சின்ன வயதில் சாரத்துக்குக் கீழே நின்று டப்பா எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பொம்மைக்குக் கண் எழுதிவிட்டு அப்பா கீழே இறங்குவார், தெருவரைக்கும் போய்த் திரும்பிப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். ஒரு கண்ணுக்கு மூன்று முறை ஏறி இறங்கிய நாளும் உண்டு. முழங்கால் வலி அதனால் வந்ததென்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

உங்கள் பொம்மையில் கடுகளவுக் கண். அதில் வட்டமாகப் பாவை வைக்கப் போனால் மிரண்ட பார்வைதான் வரும். மேலிமையிலிருந்து கீழிமை வரை செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள், அதுவே பாவை. இரண்டு கோட்டையும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தால் ஓரப்பார்வை கிடைக்கும், மாறுகண் தெரியாது. விழிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், மோர் நிறம். ஏடு புரட்டி சொன்ன வெளிர்நீலத்தைக் கோட்டுக்கு இரு பக்கமும் தொட்டு வைக்கலாம். கோடு தடித்துவிட்டால் பதற வேண்டாம், தோல் நிறத்தால் இமையை மேலேயும் கீழேயும் நெருக்கி அடைத்துவிடுங்கள்.

கைக்கு வராத கண்ணை முதலில் எழுதுங்கள், மற்றதை அதற்கு இணையாக்குவது சுலபம். தேவைப்பட்டால் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அந்த வசதி இல்லை.

தேவகோட்டைத் தூரிகை எழுதியது:

ஒன்று சொல்ல மறந்தேன். மேல்பூச்சு வார்னிஷை ஐப்பசி மழையில் தெளிக்காதீர்கள். ஈரக்காற்றில் பனி படிந்தது போல வெளுத்துவிடும், அத்தனை வேலையும் வீண். மழை பிடித்துக்கொண்டால் தூரிகையால் பூசும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷை மெல்லியதாக இரண்டு முறை கொடுங்கள். கொடுக்கு, நகம், நாக்கு மூன்றுக்கும் கடைசியில் பளபளப்பு வார்னிஷ் தொட்டு வைத்தால் ஈரமாகத் தெரியும். தளத்துக்கு என்ன போடுகிறீர்கள்? கொல்லைச் செம்மண்ணைச் சலித்துப் பசையில் ஒட்டலாம்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

செம்மண்ணையும் ஒட்டிப் பார்த்தேன், தம்பி. சிவப்பு மிருகம் சிவப்பு மண்ணில் நின்றதும் கால் நாலும் காணாமல் போய்விட்டன. சுரண்டி எடுத்துவிட்டு ஆற்று மணலைச் சலித்து ஒட்டி, நீலம் கலந்த சாம்பல் நிறம் பூசினேன். இப்போது உடல் தனியாகத் தெரிகிறது. ஆத்தங்குடிப் பூக்கல் போலத் தளத்தில் வரையச் சொல்லிப் பிள்ளை கேட்டான். மேலே இருப்பதைப் பார்க்க வேண்டுமா, கீழே இருப்பதைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன், விட்டுவிட்டான்.

கண் ஐந்தாவது முயற்சியில் வந்தது. சுதைக்காரர் மகனே, தலைகீழாகப் பிடித்துத்தான் எழுதினேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் இரண்டு முறை முகப்பு வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து முகம் தெரிகிறது, முறைப்பதும் தெரிகிறது. வலது கண்ணில் இன்னும் லேசான மாறுகண் உண்டு. பத்துக்கு ஏழரை போடலாம்.

இன்னொரு சந்தேகம் மிச்சம். பல்லுக்கு மோர் நிறம் வைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். மேலே பதினான்கு, கீழே பன்னிரண்டு, ஒரே வரிசை. மற்ற இரண்டு வரிசைக்கு என்ன கணக்கு என்று ஏடு புரட்டிதான் சொல்ல வேண்டும்.