அம்மா ஓட்டுக் கவர்ல தமிழ்ல கையெழுத்து போட்டுட்டாங்க, இப்ப எண்ண மாட்டோம்னு வருது, என்ன பண்றது?

காவேரிக்கரை (நவம்பர் 15, 2024)
எல்லாருக்கும் வணக்கம். கலிஃபோர்னியா, பே ஏரியால இருக்கோம். அம்மாவுக்கு 71 வயசு, போன வருஷம்தான் சிட்டிசன் ஆனாங்க, இதான் இங்க அவங்களுக்கு முதல் ஓட்டு. தபால்ல வந்த பேலட்டை டைனிங் டேபிள்ல வெச்சு ஒரு மணி நேரம் படிச்சு, ஒவ்வொண்ணா என்னன்னு கேட்டு கேட்டு போட்டாங்க. கவர்ல கையெழுத்து போடறப்ப நான் பக்கத்துல இல்ல, அடுப்புல பால் பொங்குதுன்னு போயிட்டேன். நேத்து "வேர்ஸ் மை பேலட்"ல இருந்து (ஓட்டு எங்க இருக்குன்னு காட்டற டிராக்கர்) மெசேஜ், கையெழுத்து ஒத்துப்போகலயாம். கேட்டா கூலா சொல்றாங்க, "பென்ஷனுக்குப் போடற மாதிரிதான்டா போட்டேன்"னு. அதாவது தமிழ்ல, சரஸ்வதின்னு சுழிச்சு சுழிச்சு. ஆனா டிஎம்வில (லைசென்ஸ், ஐடி குடுக்கற ஆபீஸ்) ஐடி எடுக்கறப்ப இங்கிலீஷ்ல போட வெச்சது நான்தான். இதுல பெரிய கூத்து, அம்மா 9ஆம் தேதியே ஃப்ளைட் ஏறி கும்பகோணம் போயாச்சு. ஓட்டு போச்சா? யாராச்சும் இதை சரி பண்ணியிருக்கீங்களா?

இட்லிக்கடை
ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க, உங்ககிட்ட பவர் ஆஃப் அட்டர்னி இருந்தா நீங்களே அம்மா பேர்ல போட்டு அனுப்பிடுங்க, யாரு பாக்கப் போறா.

மதுரைக்காரி
ஐயையோ அதை மட்டும் பண்ணிடாதீங்க தம்பி!! ஓட்டு விஷயத்துல பவர் ஆஃப் அட்டர்னி செல்லவே செல்லாது, கவர்லயே அதை போட்டிருப்பாங்க, இன்னொருத்தர் கையெழுத்தை போட்டா கேஸே ஆகும். கை நடுங்கி கையெழுத்தே போட முடியாதவங்கன்னாகூட அவங்களே ஒரு குறி வெச்சு பக்கத்துல ஒரு சாட்சி கையெழுத்து போடணும்.

நான் 2020ல எங்க கவுன்டி தேர்தல் ஆபீஸ்ல டெம்பரரியா வேலை பாத்திருக்கேன் அதனால சொல்றேன், பயப்படாதீங்க, ஓட்டு போகல, ஓரமா எடுத்து வெச்சிருப்பாங்க. கவர் இன்னும் பிரிக்கப்படல. தமிழ்ல போட்டது தப்பே இல்ல, அவங்க ரெகார்டுல இருக்கற கையெழுத்தோட ஒத்துப்போகணும்ங்கறதுதான் விஷயம். கொஞ்சம் மாறியிருந்தா, பேருக்கு பதிலா இனிஷியல் போட்டிருந்தா அதுக்கெல்லாம் தள்ள மாட்டாங்க, இது ஓட்டரோட கையெழுத்துதான்னு எடுத்துக்கிட்டுதான் பாக்கவே ஆரம்பிக்கணும், ரெண்டு தனித்தனி ஆபீசர் சந்தேகமே இல்லாம வேறன்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க. ஆனா இங்கிலீஷும் தமிழும் பக்கத்துல பக்கத்துல வெச்சா பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க.

வீட்டுக்கு தபால்ல ஒரு கையெழுத்து சரிபார்ப்பு ஃபார்ம் வரும், ஸ்டாம்ப் ஒட்டின ரிட்டர்ன் கவரோட. அதை தபால்லதான் அனுப்பணும்னு இல்ல, நேர்ல குடுக்கலாம், ஃபேக்ஸ், ஈமெயில் எல்லாம் ஓகே. கும்பகோணத்துல இருந்தே முடிச்சிடலாம்.

காவேரிக்கரை
அக்கா உயிர் வந்துச்சு. ஃபார்ம் இன்னிக்கு மெயில்பாக்ஸ்ல இருந்துது. கடைசி தேதி டிசம்பர் 1 சாயங்காலம் 5 மணின்னு போட்டிருக்கு. இதுல அம்மா எந்தக் கையெழுத்து போடணும், கவர்ல போட்ட தமிழா, இங்கிலீஷா?

மதுரைக்காரி
இங்கிலீஷ். டிஎம்வில போட்ட அதே மாதிரி. புதுசா வர்ற கையெழுத்தை பழைய ரெகார்டோட வெச்சு பாப்பாங்க. டிஎம்வி ஐடி காப்பி இருந்தா அனுப்பி வைங்க, பாத்து போடட்டும். போன்ல விரலால கிறுக்காம பேப்பர்ல பேனாவால போடச் சொல்லுங்க.

யாழ்_தம்பி
அண்ணை, ஒண்டு சொல்லுறன். வாட்ஸ்அப்பில படமா அனுப்பினா தெளிவில்லாமப் போயிடும், டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்கோ. கலிஃபோர்னியா 5 மணியெண்டா இந்தியாவில அடுத்த நாள் காலமை ஆறரை, ஆனா அதுவரைக்கும் வச்சிருக்காதேங்கோ.

சும்மாவந்தேன்
இதே இழைல என் சந்தேகமும். எங்க மாமனாருக்கு ஒரு பொண்ணு போன் பண்ணி "உங்க ஓட்டு எண்ணப்படல, சரி பண்ண ஹெல்ப் பண்றேன்"னு சொல்லுச்சாம், அவர் ஸ்கேம்னு திட்டி வெச்சுட்டார். உண்மையா இருக்குமா?

மதுரைக்காரி
ரெண்டும் நடக்கும். கட்சி வாலண்டியர்ஸ், ரெண்டு கட்சியும்தான், இப்ப வீடு வீடாவே போய் தட்டறாங்க, சில சீட்ல வித்தியாசம் அவ்ளோ கம்மி. அவர் டிராக்கர்ல தானே பாக்கட்டும் இல்லன்னா கவுன்டி ஆபீஸ் நம்பரை அவங்க சைட்ல இருந்து எடுத்து கூப்பிடட்டும். ஃபார்ம்ல பேர், அட்ரஸ், கையெழுத்து, நான்தான் ஓட்டு போட்டேன்னு ஒரு உறுதிமொழி அவ்ளோதான் இருக்கும். போன்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க்னு ஏதாச்சும் கேட்டா திட்டினது சரிதான்.

மைலாப்பூர்_மாமி
எங்காத்துல 2022ல இன்னும் கேவலம், என் கவர்ல அவர் கையெழுத்து, அவர் கவர்ல என் கையெழுத்து, 40 வருஷ தாம்பத்யம். ஆபீஸுக்கு போன் பண்ணி சிரிச்சுண்டே சொன்னேன், அந்தப் பொண்ணும் சிரிச்சுண்டே ரெண்டு பேரையும் ஃபார்ம்ல கையெழுத்து போடச் சொன்னா, ரெண்டும் எண்ணினா.

காவேரிக்கரை (நவம்பர் 20)
அப்டேட். ஃபார்மை ஸ்கேன் பண்ணி அக்கா பையனுக்கு அனுப்பினேன், மகாமகக் குளம் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்தான். அம்மா முதல்ல பழக்கதோஷத்துல "ச"ன்னு ஆரம்பிச்சுட்டாங்களாம், பையன் கத்தினதுல பேனாவை கீழ போட்டுட்டாங்க. ரெண்டாவது பிரிண்ட்ல ஒழுங்கா வந்துச்சு. ஸ்கேனை ஈமெயில் பண்ணி, வந்துச்சான்னு போன் பண்ணியும் கேட்டுட்டேன், வந்துச்சாம்.

காவேரிக்கரை (டிசம்பர் 5)
எண்ணிட்டாங்க!! டிராக்கர்ல வந்துடுச்சு. அம்மா கேக்கறாங்க, அடுத்த தடவ தமிழ்லயே போடணும்னா என்ன பண்றது, இங்கிலீஷ்ல போட்டா அவங்க கையெழுத்து மாதிரியே இல்லயாம்.

மதுரைக்காரி
சூப்பர் தம்பி, அம்மாவுக்கு என் வாழ்த்து சொல்லுங்க. நம்ம கலிஃபோர்னியாவோட 13வது நாடாளுமன்றத் தொகுதி பாத்தீங்கல்ல, ஆடம் கிரே ஜெயிச்சது வெறும் 187 ஓட்டுல. அம்மா தமிழ்ல போடணும்னா ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்மை புதுசா ஒண்ணு நிரப்பி அதுல தமிழ்ல கையெழுத்து போட்டு அனுப்பட்டும், அது ரெகார்டுல ஏறிடும். ஆன்லைன்ல பண்ணாதீங்க, டிஎம்வி கையெழுத்தையே திரும்ப எடுத்துக்கும், பேப்பர் ஃபார்ம்தான் வேணும்.

காவேரிக்கரை
பேப்பர் ஃபார்ம் போஸ்ட் ஆபீஸ்ல கிடைக்குமா அக்கா?

மதுரைக்காரி
கிடைக்கும், லைப்ரரிலயும் வெச்சிருப்பாங்க. இந்தத் தடவ பால் பொங்கினா பொங்கட்டும், பக்கத்துலயே இருங்க.