பார்ட்டிஷன் அலைன்மெண்ட்: ‘எல்லைப் பொருத்தம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

வட்டைப் பிரித்த ஒரு பகுதிதான் பார்ட்டிஷன். ‘பார்ட்டிஷன் அலைன்மெண்ட்’ என்பதற்குத் தமிழில் ‘பிரிவுச் சீரமைப்பு’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. சேலத்தில் நூற்பாலைகளின் சர்வர்களைப் பராமரிக்கும் இளைஞர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். சீரமைப்பு என்றால் அவர்களுக்கு ஏரி சீரமைப்பு, சாலை சீரமைப்புதான். கெட்டதைச் சரிசெய்வது அது. இங்கே எதுவும் கெடவில்லை. பார்ட்டிஷன் தொடங்கும் இடம் அடியிலுள்ள வட்டின் கட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

விண்டோஸ் சர்வர் 2003-உம் பழைய எஃப்டிஸ்க்கும் (வட்டைப் பிரிக்கும் கருவி) முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில், அதாவது வட்டின் அந்தச் சிறு துண்டில், தொடங்கும். செக்டருக்கு 512 பைட் என்றால் 32,256 பைட். அடியிலுள்ள கட்டம் 4 கேபி, அதாவது 4,096 பைட் என்றால், அதால் வகுக்கும்போது 3,584 மீதி வரும். அதனால் அந்தப் பார்ட்டிஷனில் ஓடும் ஓஎஸ் (இயங்குதளம்) ஒரு 4 கேபி கட்டத்தைக் கேட்டால், கீழே இரண்டு கட்டங்களைத் தொட வேண்டியிருக்கிறது. எழுதும்போது இன்னும் மோசம்: இரண்டையும் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டும். வரப்பு தள்ளிப் போனால் ஒரு வயலை உழ இரண்டு வயலில் இறங்க வேண்டியிருப்பது போல. மெய்நிகர் இயந்திரங்கள் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள்) பல ஒரே ஸ்டோரேஜில் இருப்பதால் இந்த வீண்வேலை எல்லார் தலையிலும் விழும். விண்டோஸ் சர்வர் 2008 முதல் தொடக்கம் வழக்கமாக 2048ஆம் செக்டர்தான். ஆனாலும் பழைய சர்வரை அப்படியே மெய்நிகர் இயந்திரமாக மாற்றினால் அந்த 63-உம் கூடவே வந்துவிடும்.

அதனால் ‘எல்லைப் பொருத்தம்’ என்கிறேன். பொருத்தம் பார்ப்பது நம் பேச்சிலேயே இருப்பதால், சோதிப்பதற்கு வேறு வினை தேட வேண்டாம். பொருந்தாததை ‘எல்லை விலகல்’ எனலாம். அதை அளந்தும் சொல்ல முடியும்: ‘விலகல் 3,584 பைட்’. நினைவக முகவரியின் அலைன்மெண்டுக்கும் இதே ‘எல்லைப் பொருத்தம்’ சரியாக வரும். ‘இசைவு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ‘எல்லை இசைவு’ என்றால் அனுமதி வாங்குவது போல் தொனிக்கிறது.

கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: “எல்லைப் பொருத்தம் பார்க்க, எஃப்டிஸ்க் பட்டியலில் தொடக்க செக்டரை 8ஆல் வகுக்கவும். மீதி வந்தால் எல்லை விலகியிருக்கிறது. ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) இருந்தால் அதன் பட்டை அளவோடும் (ஒவ்வொரு வட்டிலும் மாறி மாறி எழுதும் துண்டின் அளவு) ஒப்பிடவும்.” படித்துக் காட்டியபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அப்புறம், பார்ட்டிஷனுக்குப் ‘பகிர்வு’ வேண்டாம். கோப்பைப் பகிர்வதோடு குழம்பும். ‘பிரிவு’ போதும்.