பருப்பை விட்டால் கவுட் போய்விடுமா?

பெகுவாசி:
என் தந்தைக்கு வயது 58. எட்டு மாதங்களில் மூன்று முறை, நள்ளிரவில் வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாத வலி வந்து, பத்து நாட்களுக்குள் தானாக அடங்கியது. கடைசி முறை வலி உச்சத்தில் இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.2 மில்லிகிராம் என்று வந்ததால், இது கவுட் (யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் வாதம்) அல்ல என்றார்கள். மருந்துக் கடையில் கலந்து கட்டிக் கொடுத்த பொட்டலத்தால் வலி இரண்டே நாளில் நின்றது. இரத்த அழுத்தத்திற்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு உட்கொள்கிறார். உறவினர்கள் சொல்லி, பருப்பையும் கீரையையும் நிறுத்தியிருக்கிறோம். ஆயுள் முழுவதும் மாத்திரை தேவைப்படுமா?

நாட்டு வைத்திய அன்பர்:
தேவையே இல்லை. வாயைக் கட்டினால் போதும். பருப்பு, கீரை, கருவாடு, நாப்பி (பர்மிய மீன், இறால் விழுது) ஆகிய நான்கையும் விலக்குங்கள். எப்போதோ வரும் வலிக்காக நாள்தோறும் மாத்திரை விழுங்குவது எந்த ஊர் நியாயம்? இந்நோய்க்கு ஆங்கில மருத்துவம் தரும் கொல்கிசின் நம் செங்காந்தள் கிழங்கிலேயே இருக்கிறது.

ரங்கூன் ஆய்வகத்தார்:
இருக்கிறது, மறுக்கவில்லை, தமிழ்நாட்டில் அதன் விதைக்காகவே செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள். ஆனால் கொல்கிசினின் அளவு கிழங்குக்குக் கிழங்கு மாறும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலான தூரமோ மிகக் குறைவு. மாத்திரையில் அரை மில்லிகிராமாக அளந்து தருவது அதனால்தான். அந்தக் கிழங்கை உண்டவர்கள் வாந்தி பேதியில் தொடங்கி இறந்தே போயிருக்கிறார்கள்.

பெகுவாசி அவர்களே, வலியின்போது யூரிக் அமிலம் இறங்கிக் காட்டுவது உண்டு, ஆகவே 6.2 என்பதை வைத்து கவுட் அல்ல என்று முடிவு கட்ட இயலாது. வலி அடங்கி இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். ஐயமறத் தெரிய வேண்டுமானால் மூட்டு நீரை ஊசியால் எடுத்து, முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் ஊசி வடிவப் படிகங்களைத் தேட வேண்டும். 1961இல் அமெரிக்க மருத்துவர்கள் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் காட்டிய வழி இது. முதியோரின் முழங்காலில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்களும் இதே போன்ற வீக்கத்தைத் தரும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து அதற்குப் பயன்படாது. காய்ச்சலோடு மூட்டு கொதித்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பருப்பின் மீது பழி வேண்டாம். 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் கவுட் வாய்ப்பைக் கூட்டின; பருப்பும் கீரையும் கூட்டவில்லை. பீரையும் கருவாட்டையும் குறையுங்கள். (நாப்பி இல்லாமல் சோறு இறங்காத நான் இதைச் சொல்வது வேடிக்கைதான்.)

நாட்டு வைத்திய அன்பர்:
என் மைத்துனர் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையைத் தொடங்கிய இரண்டாம் வாரமே கால் மீண்டும் வீங்கியது. தெரிந்த இன்னொருவருக்கு உடலெங்கும் தடிப்பு. நோய் தீர்க்க வந்த மருந்தே நோயைக் கிளப்பினால் அதை எப்படி நம்புவது?

ரங்கூன் ஆய்வகத்தார்:
இரண்டுமே நடக்கக்கூடியவை. முதலாவது, படிந்த படிகங்கள் கரையத் தொடங்கும்போது வரும் வீக்கம். அதனால்தான் 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி மெல்ல ஏற்றுவதும், முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் குறைந்த அளவு கொல்கிசின் சேர்ப்பதும் வழக்கம். இரண்டாவது உண்மையிலேயே ஆபத்தானது. ஹெச்எல்ஏ-பி*58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுதி, அது உயிருக்கே உலை வைக்கக்கூடும். சீனர், தாய்லாந்தினரிடையே அது கூடுதலாகக் காணப்படுவதால், பர்மாவில் பல இனக் கலப்புள்ள நம் குடும்பங்கள் மாத்திரை தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. தடிப்பு தோன்றினால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆனால் வலி நின்றதை நோய் நின்றதாகக் கொள்ளாதீர்கள். இரத்தத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரிக் அமிலம் படிகமாகக்கூடும். 6க்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால்தான் படிந்தது கரையும். உணவுக் கட்டுப்பாடு மட்டும் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவே குறைக்கும். ஹைட்ரோகுளோரோதயாசைடு யூரிக் அமிலத்தைக் கூட்டும், இன்னொரு இரத்த அழுத்த மருந்தான லோசார்டன் சற்றுக் குறைக்கும். மாற்றுவதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இரண்டே நாளில் வலியை நிறுத்திய பொட்டலத்தில் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம்.

நாட்டு வைத்திய அன்பர்:
கிழங்கைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆயுள் முழுவதும் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

பெகுவாசி:
பொட்டலத்தில் இரண்டு மாத்திரைகள் மீதமுள்ளன, பெயர் எதுவும் இல்லை. செவ்வாயன்று மருத்துவரிடம் அவற்றையும் கொண்டு போகிறேன். அப்பாவுக்கு இன்றிரவு பருப்புக் குழம்பு.