கனோவில் அணிய எந்த லைஃப் ஜாக்கெட்: மெல்லியதா, கழுத்துப்பட்டை உள்ளதா?

குடந்தைத் துடுப்பு:
இருவர் அமரும் கனோ (குறுகலான துடுப்புப் படகு) ஒன்றை வாங்கியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வனத்துறை அனுமதிக்கும் பகுதிகளில் நிதானமாகத் துடுப்புப் போட வேண்டும் என்பது திட்டம். படகுத்துறைகளில் வாடகைப் படகுக்குத் தரும் ஆரஞ்சு நிற அங்கி, உட்கார்ந்த மாத்திரத்தில் மேலேறித் தாடையில் முட்டுகிறது. துடுப்பை வீசும்போது அக்குளையும் உராய்கிறது. ஆகவே, கயாக் ஓட்டுபவர்கள் அணியும் 50 நியூட்டன் (மிதப்பு விசையின் அளவு) மெல்லிய அங்கியையே இருவருக்கும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியும், மனைவிக்குத் தெரியாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

அணைக்கரைவாசி:
மனைவிக்கு நீச்சல் தெரியாது என்பதைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 12402 வரிசையின்படி 50 நியூட்டன் என்பது முழுமையான உயிர்காப்பு அங்கி அல்ல, மிதப்புத் துணை மட்டுமே. நீந்தத் தெரிந்தவர் கரைக்கு அருகிலோ, உதவிக்கு ஆள் இருக்கும் இடத்திலோ விழுந்தால், அவர் தன்னினைவோடு இருக்கும்வரை கைகொடுப்பது அதன் வேலை. குப்புற விழுந்து மயங்கியவரை அது மல்லாந்த நிலைக்குத் திருப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. 100 நியூட்டன் அங்கியில் மிதப்புப் பொருளின் பெரும்பகுதி மார்பிலும் கழுத்துப்பட்டையிலும் இருப்பதால்தான் முகம் தண்ணீருக்கு வெளியே வருகிறது. நீங்கள் குறை சொல்லும் அந்தத் தடிமன்தான் அந்த வேலையைச் செய்கிறது.

டெல்டாவின் தண்ணீர் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். மேட்டூர் திறந்து, கல்லணையிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் வெண்ணாறும் புதுஆறும் என்ன வேகத்தில் ஓடும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் மதகுகளுக்குக் கீழே தண்ணீர் விழுந்து சுழலும் இடத்தில் நீச்சல்காரரே தவிப்பார். வசதியைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

முத்துப்பேட்டைக் கழி:
அணைக்கரை ஐயாவின் எடுத்துக்காட்டு அவருடைய வாதத்துக்கே எதிராகப் போகிறது. மதகுக்குக் கீழே சுழலும் நுரைத்தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைகிறது. மிதப்பும் அதோடு குறைகிறது. கீழே இழுத்து, மேலே தள்ளி, மறுபடியும் மதகுப் பக்கமே கொண்டுபோகும் அந்தச் சுழலில் 50, 100 இரண்டில் எதையும் நம்ப முடியாது. அங்கே கனோவை இறக்கவே கூடாது. நண்பர் கேட்டது கழிமுகத்தைப் பற்றி.

கழிமுகத்தில் நான் அஞ்சுவது வேறொன்று. வெயில் ஏறியதும் தடித்த அங்கியைக் கழற்றிக் காலடியில் போடுவார்கள். சிலர் அதையே மடித்து இருக்கையாக்கிக்கொள்வார்கள். கழற்றி வைத்த 100 நியூட்டனின் மிதப்பு, கழற்றியவருக்குப் பூஜ்யம். மேலே உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளிருக்கும் ஃபோம் நசுங்கிப் போவதால், பிறகு அணிந்தாலும் பழைய மிதப்பு கிடைக்காது. (முற்காலத்தில் இலவம்பஞ்சு அடைத்த அங்கிகளுக்கும் நசுங்கினால் இதே கதிதான்.)

ஆகவே நாள் முழுவதும் உடம்பில் இருக்கக்கூடிய அங்கிதான் அங்கி. கனோவில் ஒற்றை மட்டைத் துடுப்பு. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி வலிக்க வேண்டும். அதற்குக் கைத்துளை அகலமாகவும், தோள்பட்டை குறுகலாகவும், அங்கியின் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி அணிந்து, இடுப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி இறுக்கி, தோளைக் கடைசியில் இறுக்குங்கள். பிறகு தரையில் மண்டியிட்டும், தாழ்ந்த முக்காலியில் அமர்ந்தும் துடுப்பு வலிப்பதுபோல் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் தோள்களைப் பிடித்து மேலே தூக்கும்போது அங்கி தாடையைத் தாண்டினால் அது உங்களுக்குப் பெரியது. வாடகை அங்கி தாடையில் முட்டுவதற்கு முக்காலே மூன்று வீசம் காரணம், இடுப்புப் பட்டையை யாரும் இறுக்காமல் விடுவதுதான்.

இன்னொன்று, கவிழ்ந்த கனோவுக்குள் திரும்ப ஏறுவதற்கு மார்பை விளிம்பின் மேல் இழுத்துப் போட வேண்டும். முன்புறம் தலையணை போல் புடைத்த அங்கியோடு அது எளிதல்ல.

குடந்தைத் துடுப்பு:
அப்படியானால் வாயு உருளையால் ஊதிக்கொள்ளும் வகை இரண்டு பேரின் கவலையையும் தீர்க்காதா? கழுத்தில் ஒரு பட்டைபோல் கிடக்கிறது, வெயிலிலும் உறுத்தாது, ஊதினால் 150 நியூட்டன் என்கிறார்கள்.

அணைக்கரைவாசி:
நீச்சல் தெரியாதவருக்கு வேண்டாம். ஊதும்வரை அதற்கு மிதப்பே கிடையாது. கையால் இழுக்கும் வகையை, பதறிப்போனவர் இழுப்பார் என்று நம்பிவிட முடியாது. தானியங்கி வகைகள் பலவற்றில் தண்ணீர் பட்டால் கரையும் சிறு மாத்திரைதான் விசையைத் தட்டிவிடுகிறது. ஈரக்காற்றிலும் துடுப்புத் தெறிப்பிலும் அது வேளையில்லாத வேளையில் ஊதிக்கொள்ளலாம். ஊதியபின் உருளையையும் மாத்திரையையும் மாற்றாமல் மறுபடியும் அணிவது வீண். போதாததற்கு, அலையாத்தி வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி, கத்தி போல் கிழிக்கும்.

முத்துப்பேட்டைக் கழி:
இதில் எனக்கு மறுப்பில்லை.

வெண்ணாற்றங்கரையாள்:
வாதம் முழுவதும் நடக்கிறது, அணியப்போகும் அந்த அம்மாவுக்கு எது பொருந்தும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே அட்டையாக ஃபோம் வைத்த அங்கி பெண்களின் மார்பை அழுத்தும் அல்லது இடுப்பில் கூடாரம்போல் விரிந்து நிற்கும். விரிந்து நிற்பதுதான் தண்ணீரில் மேலேறும். மார்புப் பகுதியில் ஃபோமைத் துண்டுகளாகப் பிரித்து வளைத்துத் தைத்த பெண்களுக்கான அங்கிகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவைக் கொண்டும், குழந்தைகளுக்கு எடையைக் கொண்டும் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கால்களின் நடுவே போகும் பட்டையும் அவசியம்.

"120 கிலோ வரை தாங்கும்" என்று அச்சிட்டு விற்பதைக் கண்டு மயங்க வேண்டாம். உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்துகொள்கிறது. தலையை வெளியே வைத்திருக்கப் பெரும்பாலானவர்களுக்குக் கூடுதலாக 3 முதல் 5.5 கிலோ வரை தூக்குவிசை போதும். 50 நியூட்டன் என்பது ஏறத்தாழ 5 கிலோ. பருத்தவரைவிட, கொழுப்பில்லாத ஒல்லியானவருக்குத்தான் சில சமயம் அதிகம் தேவைப்படும்.

அணைக்கரை அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. 100 நியூட்டன் எல்லோரையும் திருப்பிவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. காற்றை அடைத்துக்கொள்ளும் கனத்த உடை தடுக்கலாம். அங்கியோடு உடையும் சேர்ந்ததுதான் தேர்வு.

அணைக்கரைவாசி:
உத்தரவாதம் இல்லை என்பது உண்மை. ஆனால் வாய்ப்பு கூடுகிறதல்லவா? நீந்தத் தெரியாதவருக்கு அந்த வாய்ப்பை மறுத்து, அக்குள் உராய்வதைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 100 நியூட்டனிலேயே கழுத்துப்பட்டை மெலிந்ததும் பக்கவாட்டுப் பட்டைகள் உள்ளதுமாகத் தேடினால் கிடைக்கும். விலை கூடும், அவ்வளவுதான்.

முத்துப்பேட்டைக் கழி:
கிடைத்தால் வாங்கட்டும். பயணம் முழுவதும் அவர் அதைக் கழற்றாமல் இருப்பார் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கழற்றுவார் என்றால் 50ஐ அணிந்து, கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு படகும் நீச்சல்காரரும் வருவதே மேல் என்பேன். சித்திரை வெயிலில் உட்காராமல் இதை முடிவு செய்ய முடியாது.

குடந்தைத் துடுப்பு:
எனக்கு 50, மனைவிக்கு 100 என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். அவரையும் கடைக்கு அழைத்துச் செல்கிறேன். முக்காலி கடையில் இருக்குமா என்று தெரியவில்லை, வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறோம்.

வெண்ணாற்றங்கரையாள்:
வாங்கியதும் நேரே கழிக்குப் போகாதீர்கள். ஓட்டமில்லாத, மார்பளவுத் தண்ணீரில் நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, அவரைக் காலை மடக்கித் தலையைப் பின்னால் சாய்த்து மிதக்கச் சொல்லுங்கள். வாய் தண்ணீருக்கு மேலே நிற்காவிட்டால், பட்டைகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மாற்றிவிடுங்கள். கழியிலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு ஜிப்பைத் தின்னும், வெயில் துணியைத் தின்னும்.