வெலிங்டன் பெயரில் பாரக்ஸ், சிலை, பாலம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரிவாசி:

சித்தப்பா பையனின் உறுதிமொழி அணிவகுப்புக்காகக் குடும்பத்தோடு குன்னூர் வெலிங்டன் எம்.ஆர்.சி.க்கு (ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட் மையம்) போயிருந்தோம். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே நடை. தன் பிள்ளை எந்த வரிசையில் வருகிறான் என்று தெரியாமல் சித்தி கடைசி வரை தவித்துக்கொண்டிருந்தார்.

அது ஜெகதளா பக்கத்து மலை. சமவெளி வெயிலில் நோயில் விழுந்த வெள்ளைக்கார சிப்பாய்களுக்காக 1850-களில் பாரக்ஸ் (படைவீரர் குடியிருப்பு) கட்டினார்கள். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த, 1852-இல் இறந்த வெலிங்டன் பிரபுவின் பெயர் இடத்துக்கு வந்தது. மனிதர் நீலகிரி மலைக்கு வந்ததே இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர் இந்தியாவை விட்டுப் போனது 1805-இல். கோயம்புத்தூர் கலெக்டர் சலிவன் துரை இந்த மலை ஏறியதே 1819-இல். பாரக்ஸுக்கு இப்போது ஜெனரல் ஸ்ரீநாகேஷ் பெயர். ஊரும் மலை ரயில் நிலையமும் இன்னும் வெலிங்டன்தான்.

அணிவகுப்பு முடிந்ததும் தம்பியின் தொப்பியை வாங்கிப் பார்த்தேன். சின்னத்தில் ஒரு யானை. அது அசாயே போரின் நினைவாக வந்த யானை. 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில் மராட்டிய மன்னர் சிந்தியாவின் பெரும்படையோடு ஆங்கிலேயர் நடத்திய சண்டை. வெலிங்டன் பிரபு ஆகும் முன் வெல்லெஸ்லி என்ற பெயரில் இருந்த இதே ஆள்தான் ஆங்கிலேயத் தளபதி. அவர் ஏறியிருந்த குதிரையே செத்து விழுந்தது. அவர் தரப்பில் மட்டும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் 1,500-க்கு மேல். அதில் மதராஸ் சிப்பாய்கள் எத்தனையோ பேர். பிற்காலத்தில், நீங்கள் நடத்திய சண்டைகளில் சிறந்தது எது என்று கேட்டதற்கு வாட்டர்லூவை விட்டுவிட்டு அசாயே என்றாராம். அந்த யானை பிரபுவுக்குச் சேர வேண்டியதல்ல, நம் ஊர்ச் சிப்பாய்களுக்குத்தான் என்பேன்.

ஆல்டர்ஷாட் தமிழன்:

நான் இருக்கும் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டே ராணுவ ஊர். வணிக வளாகத்துக்குக்கூட வெலிங்டன் பெயர்தான். ஊரை ஒட்டி மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் பிரபு குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஏறக்குறைய 30 அடி உயரம், 40 டன் வெண்கலம். கீழே நின்றால் குதிரையின் வயிறுதான் தெரியும்!

1846-இல் லண்டனில் ஹைட் பார்க் முனை வளைவின் உச்சியில் இதை ஏற்றினார்கள். வளைவுக்குப் பொருந்தாத அளவு என்று ஊரே சிரித்தது. இறக்கிவிடலாம் என்று பேச்சு வந்தபோது பிரபு உயிரோடு இருந்தார். இறக்கினால் தனக்கு அவமானம் என்று விடவில்லை. அவர் போய் முப்பது வருடம் கழித்து, வளைவையே இடம் மாற்றியபோதுதான் சிலை கீழே வந்து, 1885-இல் இங்கே சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாயோடு நடக்க வருபவர்கள் தவிர ஆள் நடமாட்டம் குறைவு.

மைசூர் மாப்பிள்ளை:

ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் திப்புவின் கோடைக்கால அரண்மனையான தரியா தௌலத்தை விட்டுவிடாதீர்கள். திப்பு வீழ்ந்தபின், 1799-இல், வெல்லெஸ்லி அங்கேதான் குடியிருந்தார். கோட்டையைத் தாக்கிப் பிடித்தவர் பெயர்டு என்ற ஆங்கிலேயத் தளபதி. ஆனால் ஊர் அதிகாரம் வெல்லெஸ்லிக்குப் போனது. அண்ணன் கவர்னர் ஜெனரல் என்றால் சும்மாவா? பெயர்டு கடுப்பானதில் நியாயம் இருக்கிறது.

அரண்மனையின் மேற்குச் சுவர் முழுக்க, ஹைதர், திப்பு படையிடம் ஆங்கிலேயர் தோற்ற 1780 புள்ளலூர்ப் போர் ஓவியம். நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்தான். தோற்ற ஆங்கிலேயத் தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தங்கள் படை தோற்ற கதை வரைந்த சுவர் அது. அதை வெல்லெஸ்லி அழிக்கவில்லை, புதுப்பிக்கச் செய்தார். அந்த ஒரு விஷயத்தில் ஆளை மெச்சலாம்.

அப்புறம் ஒன்று. பக்கத்தில் காவிரிமேல் உள்ள வெல்லெஸ்லி பாலத்தை இவர் பெயரில் எழுதிவிடாதீர்கள். மைசூர் திவான் பூர்ணையா 1804-இல் கட்டிய கல்பாலம் அது. பெயர் அவருடைய அண்ணனான கவர்னர் ஜெனரலுக்காக வைத்தது.

கோத்தகிரிவாசி:

நல்லவேளை சொன்னீர்கள், பாலம் வெலிங்டன் பிரபுவின் பெயரில்தான் என்று நினைத்திருந்தேன். காரில் வந்தால் பாலத்தின் பக்கத்தில் நிறுத்த இடம் இருக்கிறதா?