மறு: திறன் தேய்வா, திறன்தூர்வா?

அன்பின் அக்கா,

எல்லாவற்றையும் தானியங்கியிடம் விட்டுவிட்டு நம் சொந்தத் திறமை மங்கிப்போவதற்கு தமிழில் நீங்கள் தந்த 'திறன் தேய்வு' என்ற சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேய்வது பாவிப்பதால். செருப்பு நடந்து நடந்து தேய்கிறது. இது பாவிக்காமல் விட்டதால் வருவது. தம்பி சொன்ன 'மழுக்க'த்துக்கும் இதே தடைதான். வெட்டி வெட்டித்தான் கத்தி மழுங்கும். 'திறன்நீக்கம்' என்றால் யாரோ நீக்குவதாகிறது. முதலாளி வேலையைத் துண்டாக்கித் தொழிலாளியின் கைத்திறனைப் பறிப்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: திறன்தூர்வு. தீர், தீர்வு, சோர், சோர்வு, அதுபோல தூர், தூர்வு.

உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வாய்க்கால் தூர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீர் ஓடாத மாதங்களில் மண்ணும் புல்லும் சேரும். வரம்பில் நின்று பார்த்தால் வாய்க்கால் இருந்தபடியே இருக்கும். குளத்தைத் திறந்த பிறகுதான் தண்ணீர் கடைசி வயலுக்கு வராதது தெரியும். நெல் கடையில் கணக்கெழுதிய காலத்தில் மூட்டைக் கணக்கை மனத்தாலேயே கூட்டுவேன். கொம்பியூட்டர் வந்து சில வருடங்களின் பின் ஒருநாள் கரண்ட் போனது. வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்க, பத்து மூட்டைக்கே தடுமாறிவிட்டேன். அன்று காலையில் கேட்டிருந்தால், "அதெல்லாம் மறக்குமா" என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தத் தெரியாமைதான் சொல்லுக்குள் வரவேண்டும்.

தூர்ந்ததைத் தூர்வாரவும் முடியும். போகம் தொடங்குமுன், வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைக் கவனிக்கும் வட்டவிதானை ஆட்களைக் கூட்டி வாய்க்காலைத் துப்பரவு செய்விப்பதில்லையா? விமானிகள் அவ்வப்போது கையாலும் ஓட்டட்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013இல் விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதைத் 'திறன் தூர்வாரல்' என்றே சொல்லலாம்.

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் போதாது. 2009 ஜூன் 1இல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்து ஓட்டோபைலட் விலகியது. விமானம் அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியே அந்த விமானிகளுக்குக் கொடுக்கப்படவில்லை என்று பிரெஞ்சு விசாரணை அறிக்கை சொன்னது. அப்படியென்றால் அது தூர்ந்த வாய்க்கால் மட்டுமல்ல, ஒரு பகுதி வெட்டவே படாத வாய்க்கால். கல்குலேட்டரோடு வளரும் பிள்ளைகளும் அப்படித்தான். அதற்கு வேறு சொல் வேண்டும். உங்களுக்கு ஏதும் தோன்றுகிறதா, அக்கா?

மட்டக்களப்பிலிருந்து,
அன்புடன்