முதல் நாஸ் (வீட்டு நெட்வொர்க்ல மாட்டற டிஸ்க் பெட்டி) வாங்கறவங்களுக்கு ரெண்டு டிஸ்க் அவசியமா?

கணக்கன்:
"ரெண்டு டிஸ்க் பெட்டியா வாங்கு, ரெய்டு 1 போடு, அப்புறம் பேக்கப் பத்திக் கவலையே வேணாம்"னு இங்க ஒருத்தர் புதுசா வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறார். எரிச்சலா இருக்கு. ரெய்டு 1 எழுதறதை ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல எழுதும், அவ்வளவுதான். வீட்ல குழந்தை போட்டோ ஃபோல்டரை அழிச்சா ரெண்டுலயும் அந்த நொடியே அழியும். ரெய்டு பேக்கப் இல்லை. கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கு ஒரு டிஸ்க் பெட்டி போதும். ரெண்டாவது டிஸ்க்குக்குப் போற காசுல யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணு வாங்கி, வாராவாரம் காப்பி எடுத்துக் கழட்டி வெக்கட்டும்.

மலைத்தேன்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், பயம் வேணாம். வாராவாரம் டிஸ்க்கை மாட்டிக் கழட்டற ஆளுக்கு நம்ம ஆலோசனை எதுக்கு? ஒரு டிஸ்க் பெட்டியில டிஸ்க் செத்தா அன்னிக்கே எல்லாம் நிக்கும். ரெய்டு 1ல ஒண்ணு செத்தாலும் மத்தது ஓடும், புதுசை மாட்டிட்டுப் போயிடலாம்.

கணக்கன்:
ஓடும். அதுதான் சிக்கலே. பெட்டி பீப் பீப்னு கத்தும், விவரம் தெரியாதவங்க சத்தத்தை நிறுத்திட்டு மாசக்கணக்கா விட்டுடுவாங்க. ரெண்டும் ஒரே நாள் வாங்கினது, ஒரே சூடு, ஒரே வேலை. ரெண்டாவதும் போனா யாரைக் கேக்கறது? ரெய்டு பேக்கப் இல்லை.

சில்வண்டு:
பீப் மட்டுமில்ல சார், மெயில்லயும் எச்சரிக்கை வரும். செட்டப் பண்ணும்போது வீட்ல விவரம் தெரிஞ்ச ஒருத்தரோட மெயிலைக் கொடுத்துட்டா முடிஞ்சது. டிஸ்க் எண்ணிக்கையை விட எந்த டிஸ்க்னு பாருங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) கம்பெனி ரெட் வரிசையில 2லிருந்து 6 டிபி வரைக்கும் எஸ்எம்ஆர் டிஸ்க்கை, அதாவது தடங்களை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதறதால மாத்தி எழுதறப்போ மெதுவாகற டிஸ்க்கை, சொல்லாம வித்தது 2020ல வெளிய வந்துச்சு. செத்த டிஸ்க்குக்குப் பதிலா புதுசை மாட்டி ரெய்டை மறுபடி கட்டறப்போ அதெல்லாம் திணறும்.

கணக்கன்:
எஸ்எம்ஆர் கதை இங்க வேணாம். 2021 ஜூன் மாசம் அதே டபிள்யூடியோட மை புக் லைவ் பெட்டிகளுக்கு என்ன ஆச்சு? இணையம் வழியா எவனோ புகுந்து ஃபேக்டரி ரீசெட் பண்ணி, ஜனங்க சேர்த்து வெச்ச எல்லாத்தையும் துடைச்சான். 2015லயே அப்டேட் நிறுத்தின பெட்டி அது. பாதிப்புப் பட்டியல்ல மை புக் லைவ் டுவோவும் இருந்தது, அது ரெண்டு டிஸ்க் மாடல். ரெண்டாவது டிஸ்க் என்னத்தைக் காப்பாத்துச்சு?

மலைத்தேன்:
அது இணையத்துக்குக் கதவைத் திறந்து போட்ட தப்பு. ரெய்டு மேல ஏன் பழி? குழந்தை அழிச்சா ஸ்னாப்ஷாட் இருக்கு, பெட்டி அப்பப்போ பதிஞ்சு வெக்கற பழைய நிலை அது, நேத்து நிலைமைக்குத் திரும்பிடலாம். அதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க.

கணக்கன்:
ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டியிலதான் உக்காந்திருக்கு. திருடன் பெட்டியைத் தூக்கினா ஸ்னாப்ஷாட்டும் அவனோட போகும். விலை குறைஞ்ச மாடல் பலதுல அந்த வசதியே கிடையாது. ரெய்டு பேக்கப் இல்லை. எத்தனை தடவை எழுதறது?

மலைத்தேன்:
திருடன் வந்தா உங்க யூஎஸ்பி டிஸ்க் மட்டும் ஓடி ஒளிஞ்சுக்குமா? அதுவும் அதே அலமாரியிலதானே இருக்கும்.

ஊதாப்பூ:
ரெண்டு பேரும் எந்தக் கம்பெனின்னே சொல்லலையே. சினாலஜி வாங்கிட்டுப் போங்க, ஆப் எல்லாம் சுலபம், என் மாமியாரே போன்ல போட்டோ ஏத்தறாங்க.

சில்வண்டு:
சினாலஜியா? 2025ல வந்த பிளஸ் மாடல்கள்ல அவங்க பட்டியல்ல இருக்கற டிஸ்க்கைத்தான் போடணும்னு கட்டுப்பாடு போட்டாங்களே, மறந்தாச்சா?

ஊதாப்பூ:
அதை அதே வருஷம் அக்டோபர்ல, அவங்க பெட்டி சாஃப்ட்வேர் டிஎஸ்எம் 7.3 வந்தப்போ தளர்த்தியாச்சு. பழைய செய்தியைத் தூக்கிட்டு வராதீங்க.

சில்வண்டு:
ஒரு தடவை பூட்டினவன் மறுபடி பூட்டுவான். நான் நம்ப மாட்டேன்.

கணக்கன்:
கம்பெனி சண்டையை வேற எங்கயாவது வெச்சுக்கோங்க. மலைத்தேன், கேள்வி இதுதான்: "பேக்கப் பத்திக் கவலையே வேணாம்"னு எழுதினீங்களா இல்லையா?

மலைத்தேன்:
டிஸ்க் சாவைப் பத்திக் கவலை வேணாம்னு சொன்ன அர்த்தத்துல எழுதினேன். ரூட்டர் விவாதத்துலயும் இப்படித்தான் ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினீங்க. அப்பவும் உங்களைத் தவிர யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

கணக்கன்:
ரூட்டர் விஷயத்துலயும் நான் சொன்னதுதான் சரி, வேணும்னா போய்ப் படிச்சுப் பாருங்க. அந்த வரியை நம்பி ஒரு குடும்பம் கல்யாண ஆல்பத்தை ஒரே பெட்டியில போட்டு வெச்சிருக்கும். தொங்கத்தான் செய்வேன். ரெய்டு பேக்கப் இல்லை.

மலைத்தேன்:
உங்க பேச்சைக் கேட்டு ஒத்த டிஸ்க் வாங்கினவங்க, அது செத்த அன்னிக்கு உங்ககிட்டதான் வந்து நிப்பாங்க. அன்னிக்கும் இதே வரியை எழுதுங்க. என் அறிவுரையை நான் மாத்தப் போறதில்ல.

சில்வண்டு:
ஊதாப்பூ, உங்க மாமியார் பெட்டியில என்ன டிஸ்க் இருக்குன்னு மாடல் நம்பரைப் போடுங்க, எஸ்எம்ஆரான்னு பாத்துச் சொல்றேன்.

ஊதாப்பூ:
போட மாட்டேன்.